குளோரியா குறைத்த வித்தியாசம்

அந்த வரைபடத்தை எத்தனை முறை பார்த்தாலும் யூஜினுக்கு அலுக்கவில்லை. பெண்களின் மார்பகப் புற்றுக்கட்டியில், செல்கள் பெருகத் துணைபோகும் நொதி ஒன்று மும்முரமாக வேலை செய்தது. அதே பெண்களின் நல்ல திசுவில் அது ஏறக்குறைய செத்துக் கிடந்தது. அவனும் குளோரியாவும் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து கண்டது அது. அதைப் பற்றிப் பேச டெல்லி மாநாட்டிலிருந்து அழைப்பும் வந்துவிட்டது.

குளோரியாவுக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. "நல்ல திசுல இவ்ளோ கம்மியா இருக்காது யூஜின். எங்கயோ இடிக்குது," என்றாள்.

மறுநாளிலிருந்து காலையில் விவேக் நகர் வீட்டிலிருந்து நேராக மருத்துவமனைக்குப் போய், அறுவை அரங்கில் ஓர் ஓரமாக நின்று கவனித்தாள். கட்டியின் துண்டு வெட்டிய கையோடு கடுங்குளிர் உறைகுடுவைக்குள் போனது. நல்ல திசுவோ, மருத்துவர்கள் வெட்டியெடுத்த பகுதியின் விளிம்புகளைக் குறித்து முடிக்கும்வரை தட்டிலேயே கிடந்தது. நொதியைக் கெடுத்தது அந்தக் காத்திருப்புதானோ?

சோதித்துப் பார்க்க, அகற்றும் கட்டியிலிருந்து கூடுதலாக ஒரு துண்டு வேண்டியிருந்தது. மர்பி டவுனிலிருந்து அறுவைக்கு வந்திருந்த பாஞ்சாலியிடம் சம்மதம் கேட்க இருவரும் போனார்கள். குளோரியா விளக்கி முடித்ததும் பாஞ்சாலி கேட்டார்:

"இதனால எனக்கு நோவு கொறையுமா?"

"இல்லக்கா. உங்களுக்கு இதனால ஒண்ணும் ஆவாது. பின்னால வர்றவங்களுக்கு ஒருவேள ஒதவலாம்."

கொஞ்சம் பூசி மெழுகியிருக்கலாமே என்று யூஜினுக்குத் தோன்றியது. பாஞ்சாலி சம்மதப் படிவத்தைக் கையில் வாங்கிக்கொண்டார்.

"நிஜத்த சொன்ன. எடுத்துக்கோ கண்ணு. யாருக்காவது ஆவட்டும்."

பாஞ்சாலியின் கட்டியிலிருந்து எடுத்ததை இரண்டாக்கி, ஒன்றை உடனே உறைய வைத்தார்கள்; மற்றதை நல்ல திசு காத்திருக்கும் நேரம்வரை தட்டில் விட்டார்கள். காத்திருந்த துண்டில் நொதியின் வேகம் பாதிக்குமேல் விழுந்திருந்தது. இன்னும் சிலரிடம் செய்து பார்த்தபோதும் அப்படியே. அந்த வரைபடத்தை இனி நம்ப முடியாது. அன்று மாலை யூஜின் குளோரியாவிடம் சொல்லிக்கொள்ளாமலே கிளம்பினான். ஆனால் அவளும் தன் பல மாத உழைப்பைத்தான் தன் கையாலேயே கவிழ்த்திருக்கிறாள் என்பது வீட்டுக்குப் போகும் வழியில் உறைத்தது. அழைப்பு வேண்டாமென்று மறுநாள் அவனே டெல்லிக்கு எழுதிப்போட்டான்.

எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கினார்கள். இப்போது இரண்டு திசுக்களும் ஒரே சமயத்தில் உறைந்தன. குடுவையைத் தூக்கிக்கொண்டு யூஜினும் அரங்குக்குப் போனான். ஓர் ஆண்டு கழித்துப் பார்த்தால் வித்தியாசம் சுருங்கியிருந்தது, ஆனால் அழியவில்லை. கட்டியில் நொதி கூடுதலாக வேலை செய்தது உண்மைதான். இனி அதை யார் எப்படி உரசிப் பார்த்தாலும் நிற்கும்.

கட்டுரையில் முதல் பெயராகக் குளோரியாவுடையதைப் போட்டான். அதைப் பார்க்க அவள் அங்கே இல்லை. சிகிச்சை முடிந்து பரிசோதனைக்கு வந்திருந்த பாஞ்சாலியிடம், அவர் கொடுத்த துண்டு என்ன காட்டியது என்று சொல்ல அவள் மருத்துவமனைக்குப் போயிருந்தாள்.