கட்டிலோரம் இருந்த நான்

அம்மாவின் விரல்கள் விறைத்துவிட்டன. புஷ்பமேரி அவற்றை ஒவ்வொன்றாக நீவிப் பிரித்து ஜெபமாலையைச் சுற்றிக்கொண்டிருந்தபோது, காலை பஸ்ஸில் வந்திறங்கிய அண்ணன் இன்னாசிராஜ் வாசலில் நின்று ஓவென்று அழுதான். தந்தி கொடுத்து மூன்று நாளாகிறது. சேலத்திலிருந்து ஏரியூர் வர மூன்று நாளா? பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அழுகை அடங்கியதும் அவளைச் சமையல்கட்டுக்குக் கூப்பிட்டான்.

"கடைசியா அம்மா எப்படி இருந்துச்சு மேரி? ஒண்ணு விடாம சொல்லு."

சொன்னாள். மூச்சு இழுத்ததை, பஞ்சை நனைத்து உதட்டில் வைத்ததை. ஒன்றை மட்டும் சொல்லவில்லை. கேட்கக் கேட்க அவன் கை சட்டைப்பைப் பேனாவைத் தடவிக்கொண்டிருந்தது.

அந்தப் பேனாவை அவளுக்குத் தெரியாதா? எண்பத்துமூன்றில் ஒரு வாரப் பத்திரிகையில் அவன் கதை வந்தது. கண் போய்ப் படுக்கையில் கிடக்கும் தாய்க்குப் புண் கழுவி, பீத்துணி அலசும் மகன் அதில் 'நான்' என்று பேசினான். ஊரே உச்சுக்கொட்டியது. அலசியவள் இவள். கதையில் ஒரு தங்கச்சிகூடக் கிடையாது. பாடு ஒருத்திக்கு, பேர் ஒருத்தனுக்கு!

கேட்டதற்கு, "கதைன்னா யாராச்சும் ஒருத்தர் கண்ணு வழியாத்தான் சொல்லணும் புள்ள. 'நான்'னு சொன்னாத்தான் படிக்கிறவன் நம்புவான்," என்றான்.

சவப்பெட்டியை மூடும் முன், சாகும்போது கூட இருந்தவர் அந்த நேரத்தை எல்லார் முன்னும் சொல்ல வேண்டும். பிறகுதான் ஜெபம். அது அவர்கள் கோயில் வழக்கம். ஜெபம் நடத்த வந்திருந்த உபதேசியார் அருள்நாதன், "ராயம்மா கூடக் கடைசியா இருந்தது யாருங்க?" என்றார்.

புஷ்பமேரி எழுவதற்குள் இன்னாசிராஜ் முன்னால் போய் நின்றுவிட்டான்.

"அம்மாவுக்கு மூச்சு இழுக்குது. நான் பஞ்ச நனைச்சு உதட்டுல வெக்கிறேன்..."

பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். அடுத்த வீட்டுத் தங்கம்மாள்தான் பக்கத்திலிருந்தவளிடம் கேட்டாள். "காலைலதானே இவரு பஸ்ஸ வுட்டு எறங்குனாரு?"

"நிறுத்துண்ணா!"

புஷ்பமேரி எழுந்து பெட்டியருகே வந்தாள்.

"மிச்சத்த நான் சொல்றேன். மூணு நாளா 'இன்னாசி வந்துட்டானா, இன்னாசி வந்துட்டானா'ன்னு ஒரே கேள்வி. கண்ணுதான் தெரியாதே. கொரலத் தடிப்பாக்கிக்கிட்டு 'வந்துட்டேம்மா, நான்தான் இன்னாசி'ன்னு சொன்னேன். என் கையப் புடிச்சுக்கிட்டு, உன் பேரச் சொல்லிக்கிட்டே உசுர வுட்டுச்சு. எம் பேரு அது வாயில வரவேயில்ல. போதுமா?"

உபதேசியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு ஜெபத்தைத் தொடங்கினார். இன்னாசிராஜ் தலையைத் தூக்கவில்லை.

கல்லறையிலிருந்து திரும்பிய சாயங்காலம் அவன் நோட்டுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தான். "மேரி, இத எழுதட்டுமா?" என்றான்.

மனுஷனா இவன் என்று வந்தது அவளுக்கு.

"எழுது. எழுதாம உன்னால இருக்க முடியாது. ஆனா மொத வரிய நான் சொல்றேன். 'அவன் வரல.' எங்க, எழுது பாக்கலாம்."

அவன் பேனா மூடியைத் திருகினான். எழுதுகிறானா என்று பார்க்க அவள் நிற்கவில்லை. பின்கட்டில், நேற்று அலசிப் போட்ட அம்மாவின் துணிகள் கொடியில் காய்ந்து கிடந்தன.