நாற்காலியில் மருமகள்

சண்முகவள்ளி ஐஸ் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தபோது முட்டி சொடுக்கியது. வாசலில் சின்னாளபட்டி வேன் வந்து நின்றிருந்தது. ஒவ்வொரு ஊர்ச் சனம் வரும்போதும் எழுந்து போய்க் கட்டிப்பிடித்து அழுது, கூட்டி வந்து, மறுபடி பெட்டியருகே தரையில் உட்கார வேண்டும். செத்தது மாமியார் சோலையம்மாள். இவள் ஒரே மருமகள். வேறு யார் எழுவார்கள்?

மாதவிடாய் நின்றதிலிருந்து முட்டி, விரல், தோள் என்று ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டது. கால்சியம் மாத்திரை போடுங்க, காலையில நடங்க, தரையில மட்டும் உக்காராதீங்க என்றார் டாக்டரம்மா. அதைக் கேட்டு சோலையம்மாள் சிரித்த சிரிப்பை நினைத்தால் இப்போதும் எரிச்சலாக வந்தது.

“எங்களுக்கெல்லாம் நிக்கலையா? நாங்க என்ன செத்தா போனோம்?”

விடிகாலையில் நடக்கப் போனால், “மகாராணி ஊர்கோலம் போறா.” வெந்நீர்ப் பை வைத்தால், “அம்புட்டும் நடிப்பு.” பேசியவள் நிம்மதியாகப் படுத்துவிட்டாள். இவள்தான் எழுந்து எழுந்து சாகிறாள்.

ஒரு நாற்காலி கேட்கலாம். ஆனால் மாமியார் பிணத்துக்கு முன்னால் மருமகள் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள் என்று நாகல் நகர் முழுக்கப் பேசித் தீர்ப்பார்கள். பல்லைக் கடித்துக்கொண்டாள்.

வேனிலிருந்து மாயம்மாள் இறங்கினாள். சோலையம்மாளின் தங்கை, வாய் அக்காவையே மிஞ்சும். கட்டிப்பிடித்து அழுது முடித்ததும் சண்முகவள்ளி தரையில் கை ஊன்றினாள்.

“ஏய், உக்காராத!” மாயம்மாள் அதட்டினாள். “யாருப்பா அங்க, ஒரு சேரக் கொண்டாங்க.”

“வேணாம் சின்னத்தே. சனம் பாக்குது.”

“பாக்கட்டும். ஆஸ்பத்திரியிலருந்து போன் போட்டப்ப எங்கக்கா என்ன சொன்னா தெரியுமா? ‘நான் போய்ட்டா அவளத் தரையில உக்கார விட்ராதடி. எந்திரிக்க மாட்டாம எம்மேலயே விழுந்து தொலைவா’ன்னா.”

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். சண்முகவள்ளிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

“இத எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னா என்னவாம் கெழவிக்கு?”

சொல்லும்போதே குரல் உடைந்தது. காலையிலிருந்து ஊருக்காக அழுதவளுக்கு இப்போதுதான் நிஜமாக அழுகை வந்தது.

சேர் வந்தது. உட்கார்ந்தாள். தரையில் இருந்தவரை பெட்டியின் தகரம்தான் கண்ணில் பட்டது. இங்கிருந்து பார்த்தால் கண்ணாடி தெரிந்தது. வேர்த்திருந்ததால் உள்ளே முகம் மங்கலாக இருந்தது. முந்தானையால் துடைத்தாள். சற்று நேரத்தில் மறுபடி வேர்த்தது. சேரை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு, மறுபடி துடைத்தாள்.