ஆனி கடைசியில் ஒரு சுற்று

அழகுபாண்டி லேத் மெஷினை வாங்கி வீட்டுக் கொட்டகையில் இறக்கி நாலு மாதம் ஆகியும் அது ஒரு சுற்றுக்கூடச் சுற்றவில்லை. அதற்கு த்ரீ பேஸ் கரண்டு வேண்டும். திருவாதவூரில் அவன் தெருவுக்கு வந்ததோ மின்விசிறிக்கும் மிக்ஸிக்கும் போதுமான சிங்கிள் பேஸ். மனுப் போட்டான், பணம் கட்டினான், கம்பம்கூட நட்டுவிட்டார்கள். கம்பி மட்டும் வரவில்லை. லைன்மேன் ஆண்டிச்சாமியைக் கேட்டால், "வெள்ளிக்கெழம வாரேன் தம்பி" என்பார். எந்த வெள்ளிக்கிழமை என்று மட்டும் அந்த மனிதர் சொன்னதே இல்லை.

மேலூரில் கிரானைட் அறுக்கும் பட்டறை வைத்திருக்கும் ஜலால் பாய் கறாராகச் சொல்லிவிட்டார்: "திங்கக்கெழம சாம்பிள் ஷாஃப்ட் என் டேபிள்ல இருக்கணும் தம்பி. இல்லைன்னா ஆர்டர் கோயம்புத்தூருக்குப் போயிரும்."

ஆர்டர் போனால் அழகுபாண்டி குவைத்துக்குப் போக வேண்டியதுதான். விசா வந்து பீரோவில் கிடக்கிறது. முன்பு ஒருமுறை போய்த் திரும்பியபோது மகள் அஸ்வினி வாசலில் அவனைப் பார்த்துவிட்டு, "அம்மா, யாரோ ஒரு மாமா வந்திருக்காரு" என்றாள். அதை இன்னொரு தடவை கேட்கிற தெம்பு அவனுக்கு இல்லை.

இதில் ஆடி வேறு குறுக்கே வந்து நின்றது. அன்று புதன்கிழமை, ஆனி கடைசி நாள். வியாழன் விடிந்தால் ஒரு மாதத்துக்குப் புதிதாக எதையும் தொடங்கக் கூடாது.

"இன்னிக்கு ஒரு சுத்து சுத்திட்டம்னா, நாளைக்கு ஆடியில ஓட்டுனாலும் தப்பில்ல. தொடங்குனது ஆனியிலதான?" என்றாள் மனைவி செல்லத்தாய்.

அழகுபாண்டி யோசித்தான். த்ரீ பேஸ் கிடைக்காத நேரத்தில் தோட்டத்து மோட்டாரைக் கன்டன்சர் மாட்டி ஓட்டுவது அந்தப் பக்கத்து விவசாயிகளின் வழக்கம். தோட்டம் வைத்திருக்கும் உக்கிரபாண்டி மாமாவிடம் கன்டன்சர் இருந்தது.

"வெறுமனே சுத்த விட்டுட்டு நிறுத்திருவேன். பேருக்குத்தான்" என்று சொல்லி வாங்கி வந்தான். கன்டன்சரில் ஓடும்போது வேலை கொடுத்தால் மோட்டார் எரியும் என்பது அவனுக்குத் தெரியாததல்ல. கப்பலூரில் பதினோரு வருடம் லேத் ஓட்டியவன்.

மாலை நாலே முக்காலுக்கு நல்ல நேரம். செல்லத்தாய் சூடம் காட்டினாள். அவன் சுவிட்சைப் போட்டான். மோட்டார் முனகியது, பிறகு சுற்றியது. செல்லத்தாய் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அதோடு விட்டிருக்க வேண்டும். பாழாய்ப்போன ஆசை யாரை விட்டது? சுற்றுகிறதே, ஒரே ஒரு சாம்பிள், லேசாகச் சீவினால் என்ன என்று கை தானாகவே சுவிட்சை அணைத்து, இரும்புக் கம்பியை மாட்டி, மறுபடி போட்டது. முதல் சீவல் சுருண்டு விழுந்தபோது நாலு மாதத்துத் துக்கமும் அவனுக்கு மறந்துபோனது. உளியை இன்னும் கொஞ்சம் அழுத்தினான். மோட்டார் திணறியது. அவன் சுவிட்சுக்குப் பாய்வதற்குள் வார்னிஷ் கருகிய புகை கொட்டகையை நிறைத்துவிட்டது.

மதுரையில் எரிந்த மோட்டாருக்குக் காயில் கட்டும் கடைக்காரருக்குப் போன் போட்டான். எட்டு நாள் ஆகும் என்றார். கெஞ்சினான். எட்டு நாள் எட்டு நாள்தான்.

வியாழக்கிழமை காலை இட்லிக்குச் சட்னி அரைக்கிற நேரத்தில் வாசலில் ஏணி சாயும் சத்தம் கேட்டது. ஆண்டிச்சாமி கம்பிச் சுருளோடு நின்றார்.

"நாளைக்கு வேற ஊர்ல வேலை. அதான் ஒரு நா முன்னாடியே வந்துட்டேன்" என்றார். நாலு மாதத்தில் அந்த மனிதர் சொன்னதற்கு முன்னால் வந்தது அன்றுதான்.

ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. போர்டில் சிவப்பு, மஞ்சள், நீலம் என மூன்று விளக்கும் எரிந்தன.

"மெஷினப் போடுங்க தம்பி, லோடு பாத்துட்டுப் போறேன்."

அழகுபாண்டி மோட்டாரை மறைத்தாற்போல் நின்றுகொண்டான்.

"ஆடி பொறந்துருச்சுல்லண்ணே. இப்பப் போடக் கூடாது."

"அதுவும் சரிதான். ஆவணியில போட்டுக்கங்க" என்று ஏணியைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் போய்விட்டார்.

அவர் தலை மறைந்த பிறகு அழகுபாண்டி தரையிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். செல்லத்தாய் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஒரு சுற்று சுற்றச் சொன்னது தான்தான் என்பது அவள் நெஞ்சை அறுத்துக்கொண்டிருந்தது.

"இந்தத் தடவ குவைத்துல எம்புட்டு வருசம்?" என்று கேட்டாள்.

"மூணு."

உள்ளே அஸ்வினி, "அப்பா, என் இன்னொரு செருப்பு எங்க?" என்று கத்தினாள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு தேடப் போனான்.