தலையணை இல்லாத தும்மல்

என் வீட்டுக்காரர் தும்மினால் தெருக்கோடிக்குக் கேட்கும். ‘வெடி’ என்றுதான் கடைப்பக்கம் பட்டப்பெயர். முடிவெட்டுகிற மனுஷனுக்கு இப்படியொரு மூக்கு! இதய ஆபரேஷன் முடிந்து அனுப்பும்போது டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார்: “நெஞ்செலும்ப அறுத்துக் கம்பியால கட்டியிருக்கோம். அது கூடுற வரைக்கும் இருமினாலும் தும்மினாலும் தலையணையக் கட்டிப் பிடிச்சுக்கங்க.”

கேட்டாரா? கடையைக் கொழுந்தன் பார்த்துக்கொண்டாலும் இவர் வீடு தங்கவில்லை. கடைக்குக் கிளம்பிவிட்டார். தலையணையை நீட்டினேன்.

“நாலு பேர் பாக்குற எடத்துல கொழந்த மாதிரி இத வச்சுக்கிட்டு உக்காரவா? போடி.”

கொழுந்தன் யார் கழுத்துக்கோ பவுடர் போட்டிருக்கிறான். இவர் தலையணை இல்லாமல் ஒரே ஒரு தும்மல்.

அன்றிலிருந்து புரண்டு படுத்தால் நெஞ்சுக்குள் ‘டக்’. கேட்டால் “வாயு” என்றார். எனக்கென்ன காது இல்லையா? ஒரு மத்தியானம் சட்டை மாட்டக் கையைத் தூக்கியவர், முகம் வெளுத்துக் கட்டிலைப் பிடித்துக்கொண்டார். கை வைத்துப் பார்த்தேன். மூச்சு விடும்போது எலும்பு இரண்டு பக்கமும் தனித்தனியாக நகர்ந்தது. வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

“கம்பி எலும்ப அறுத்துடுச்சு. நல்லவேளை, சீழ் பிடிக்கல. மறுபடி திறந்து, தகடு வச்சு ஸ்குரூ போடணும்” என்றார் டாக்டர்.

“அதுவும் பிடிக்கலேன்னா?”

“பிடிக்கணும்மா.”

அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? ஆபரேஷன் நடந்தபோது இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தேன், எழுந்தேன், காபி வாங்கிக் குடிக்காமலே கொட்டினேன். கதவு திறந்தபோதெல்லாம் ஓடினேன். “ஒரு எடத்துல உக்காருங்கம்மா” என்றாள் நர்ஸ். நீ உட்காருவாயா என்று வாய்வரை வந்தது. பாவி மனுஷா, பிழைத்து வந்துவிடு, பிறகு உன்னை வைத்துக்கொள்கிறேன் என்று மனதுக்குள் திட்டித் தீர்த்தேன்.

வார்டுக்கு வந்த பிறகு ஒருநாள் பக்கத்துக் கட்டில் விரிப்பை உதறினார்கள். இவர் மூக்கு சுருங்கியது. எனக்கு உயிரே போய்விட்டது. நான் எழுவதற்குள் அவரே தலையணையை இழுத்து இறுக்கிக்கொண்டார். வார்டு அதிரத் தும்மினார். நெஞ்சில் உள்ளங்கையை வைத்தேன்.

“டக்குனுச்சா?” கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

“இல்ல.”

“நல்லாப் பாத்துச் சொல்லுடி.”

“இல்லங்க!” அழுதுவிட்டேன்.

வீட்டுக்குத் திரும்புகிற வழியில் கடைமுன் வண்டியை நிறுத்தச் சொன்னார். நான் சண்டைக்குத் தயாரானேன். தலையணையை நெஞ்சோடு அணைத்தபடி இறங்கி, காத்திருந்தவர்கள் அத்தனை பேருக்கும் முன்னால் போய் நின்றார். கொழுந்தனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

“சிரிடா, நல்லாச் சிரி” என்றார். “மொதல்ல அந்தப் பவுடர் டப்பாவ மூடிட்டுச் சிரி.”