மூடியில் பெயர் எழுதாத பாட்டில்

1.

இந்தக் கதை ஒரு மொழிபெயர்ப்பு வேலையில் தொடங்கியது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். கனடாவில் உள்ள ஒரு நிறுவனம் தன் இணையப் பக்கங்களைப் பல மொழிகளில் வெளியிடுகிறது. தமிழ்ப் பக்கங்கள் எனக்கு வரும். வாடகை ஒப்பந்தம், பனிக்காலத்தில் கார் பராமரிப்பு, பல் மருத்துவக் காப்பீடு. போன மாதம் வந்த கோப்பின் தலைப்பு, வீட்டில் கஞ்சா வைத்துக்கொள்ளச் சரியான கலனைத் தேர்ந்தெடுப்பது எப்படி.

அங்கே அதற்கு அனுமதி உண்டு. நான் துபாயில், சத்வாவில், ஒரு தையல் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் இருக்கிறேன். இங்கே அது சிறை. கோப்பைத் திறந்ததும் எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்தினேன். [ஏன் சாத்தினேன் என்று விளக்க ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். நீங்களும் சாத்தியிருப்பீர்கள்.]

2.

தொடக்க வரியாக முதலில் எழுதியது: "பாட்டில் கறுப்பாக இருந்தது." பொய். பாட்டில் கண்ணாடி. உள்ளே இருந்ததுதான் கறுப்பு.

இரண்டாவதாக எழுதியது: "அம்மையப்பனுக்கு ஒன்பது வருடங்களாகத் தூக்கமில்லை." இது உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் அவரை நோயாளியாக அறிமுகப்படுத்தினால் நீங்கள் உடனே அவர் பக்கம் சாய்ந்துவிடுவீர்கள். அது எனக்கு...

சரி, நேராகவே சொல்கிறேன். எங்கள் ஃப்ளாட்டில் மூன்று பேர். நான். சங்கரன்கோவில் பக்கத்து அம்மையப்பன், கட்டுமான சைட்டில் கம்பி கட்டும் ஆட்களுக்கு ஃபோர்மேன். குளச்சல்காரர் இன்பமணி, ஏசி மெக்கானிக்.* எதிர் ஃப்ளாட்டில் ஜெஸி, இன்பமணியின் ஊர்க்காரப் பெண், நர்ஸ். பாட்டில் வந்த அன்றைக்குக் குழந்தை பிறந்து இருபத்திரண்டு நாள். கதைக்கு இவ்வளவு பேர் போதும்.

* ஏசி மெக்கானிக் இல்லை. இதை அவர் படிக்கக்கூடும் என்பதால் தொழிலை மட்டும் மாற்றியிருக்கிறேன். பெயரை மாற்றினால் என்னால் அவரை எழுத முடியவில்லை.

3.

கட்டுரையில் எனக்கு இடித்தது கலன் அல்ல, சொல். கஞ்சா என்று தமிழில் எழுதினால் அடுத்த சொல்லாக 'பறிமுதல்' தானே வந்து நிற்கிறது. இருபது வருடம் பத்திரிகையில் உட்கார்ந்ததன் பழக்கம். கண்ணாடிக் குடுவை, ஈரப்பதம், சமையலறை அலமாரி என்று சாவதானமாகப் பேசும் ஒரு கட்டுரைக்கு வேறு சொல் தேடினேன். சித்த மருத்துவச் சொல்லகராதி ஒன்றில் கிடைத்தது. சிவமூலி.

அழகான சொல். அனுப்பினேன். யாருக்கும் புரியாது, கஞ்சா என்றே போடுங்கள் என்று பதில் வந்தது. போட்டேன். சொல் மட்டும் தலைக்குள் தங்கிவிட்டது.

வியாழக்கிழமை சாயங்காலம் டூட்டி முடிந்து வந்த அம்மையப்பன் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, இன்னைக்கு என்ன கதை?"

வாசித்துக் காட்டினேன். காற்றுப் புகாத மூடி வேண்டும். வெயில் படக் கூடாது. பிளாஸ்டிக் பை கூடாது. குழந்தைகளுக்கு எட்டக் கூடாது. வீட்டில் மற்றவர்கள் தெரியாமல் எடுத்துவிடாதபடி பெயரும் தேதியும் எழுதி ஒட்ட வேண்டும்.

கடைசி வரிக்கு அவர் கட்டிலில் உட்கார்ந்து சிரித்தார். "கஞ்சா டப்பால பேரு எழுதி ஒட்டுதவனை இப்பத்தான் கேள்விப்படுதேன். கூடவே கம்பெனி ஐடி நம்பரையும் எழுதச் சொல்லுங்க."

[இந்தச் சிரிப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இப்படிச் சொல்வது கதையெழுதும் முறை அல்ல என்று தெரியும்.]

4.

இங்கே ஒரு சின்னக் கட்டுரை. வேண்டாதவர்கள் ஐந்தாம் பகுதிக்குப் போகலாம்.

கனடாக்காரர்களுக்குக் கலன் என்றால் ஒரு பொருள் இருந்த இடத்திலேயே கெடாமல் இருப்பது. வளைகுடாத் தமிழர்களுக்குக் கலன் என்றால் பொருள் வழியில் ஒழுகாமல் வந்து சேர்வது. லீவுக்குப் போகிறவர் திரும்பும்போது நாலு வீட்டுச் சாமானைச் சுமந்து வருவார். மீன் ஊறுகாய், உளுந்து மாவு, மருந்து, முறுக்கு. கடைப் பாட்டிலை ஊரில் யாரும் நம்புவதில்லை. எதுவானாலும் ஹார்லிக்ஸ் பாட்டிலுக்கு மாறும். மூடிக்கு அடியில் பாலிதீன் தாள், மேலே பிரவுன் டேப் நாலு சுற்று, அதற்கு மேலே ஒரு பழைய துண்டு. அட்டைப் பெட்டியின் ஆறு பக்கமும் மார்க்கரில் பெயரும் போன் நம்பரும் எழுதுவார்கள். பெட்டிக்குள் இருக்கும் பாட்டிலில் ஒரு எழுத்துகூட இருக்காது.

5.

ஞாயிற்றுக்கிழமை காலை. இன்பமணி லீவு முடிந்து வரும் நாள். அம்மையப்பன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இதைக் கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்க அண்ணாச்சி. எழுத்து எறும்பு மாதிரில்லா இருக்கு. எத்தனை வேளை திங்கணும்னு போட்டிருக்கும்."

அவர் மனைவி நாகவள்ளி அனுப்பிய படம். ஒரு லேகியப் பாட்டிலின் லேபிள். போன லீவில் ஊரில் ஒரு சித்த வைத்தியர் அதைக் கொடுக்க, அம்மையப்பன் இரண்டு மாதம் நன்றாகத் தூங்கியிருக்கிறார். இங்கே வந்ததும் தூக்கம் போய்விட்டது. மறுபடி வாங்கி இன்பமணியிடம் கொடுத்துவிட்டிருந்தார் நாகவள்ளி.

சுக்கு, திப்பிலி, சாதிக்காய், பனைவெல்லம், நெய் என்று வாசித்துக்கொண்டே வந்தேன். ஏழாவதாக இருந்தது. சிவமூலி.

சொன்னேன். அவர் நம்பவில்லை. நாகவள்ளிக்கு அங்கேயே போன் போட்டார்.

"அந்தப் பாட்டிலோடவா குடுத்துவிட்ட?"

ஸ்பீக்கரில் குரல் தெளிவாகக் கேட்டது. "அந்த மூடி ஒழுகுது. ஹார்லிக்ஸ் பாட்டில்ல மாத்தி, டேப்பு நல்லாச் சுத்தித்தான் குடுத்தேன். ஏன், வரலையா?"

அந்த வாரம் நான் மொழிபெயர்த்த தலைப்புக்கு அப்போதுதான் அர்த்தம் புரிந்தது. வைத்தியரின் லேபிளோடு வந்தால் தெரியாமல் கொண்டுவந்த மருந்து என்று ஒரு வார்த்தையாவது சொல்லிப் பார்க்கலாம். லேபிள் இல்லாமல், டேப் சுற்றி, துண்டில் பொதிந்து வந்தால் அதற்குப் பெயர் மறைத்துக் கடத்தல். மாட்டுகிறவர் இன்பமணி.

6.

[இங்கே இன்பமணி போனை எடுக்காத ஒரு கதையை எழுதிப் பார்த்தேன். பெட்டி ஸ்கேனருக்குள் போகிறது, அவர் மகள்களின் புகைப்படம் பர்ஸில் இருக்கிறது என்று முக்கால் பக்கம். விறுவிறுப்பாகத்தான் வந்தது. ஆனால் அவர் இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்.]

"சொல்லுங்கண்ணே. ஏர்போர்ட்டுக்குப் போற வழி, களியக்காவிளை தாண்டியாச்சு."

சொன்னேன்.

"எனக்க பெட்டியிலயா? எண்ணே, எனக்கு ரெண்டு பிள்ளையளு உண்டு."

"வண்டியை ஓரங்கட்டச் சொல்லு. பெட்டியைப் பிரி. ஹார்லிக்ஸ் பாட்டில், உள்ளே கறுப்பா இருக்கும்."

"எண்ணே, பெட்டி மொத்தமும் ஆர்லிக்ஸ் பாட்டில்தான். கெட்டினது எனக்க வீட்டுக்காரி. எது ஆருக்குன்னு அவளுக்கே தெரியுமோ என்னவோ."

அம்மையப்பன் போனைப் பிடுங்கினார். நான் அவர் என்ன சொல்வார் என்று பயந்தேன். "தம்பி, என் சாமானைத் தூரப் போட்டுரு. மிச்சத்தைப் பாத்துக் கெட்டு" என்றார். பிறகு போனை என்னிடம் கொடுத்துவிட்டு, பால்கனிக்குப் போய்த் துவைத்த துணிகளை ஒவ்வொன்றாக மடிக்க ஆரம்பித்தார். அவை இன்னும் காயவில்லை.

அரை மணி நேரம் கழித்து இன்பமணி பேசினார். கறுப்பாக ஒன்று இருந்ததாம். டீக்கடைக்குப் பின்னால் ஓடையில் கொட்டி, பாட்டிலையும் எறிந்தாயிற்று.

இங்கேயே முடித்திருக்கலாம்.

7.

சாயங்காலம் இன்பமணி வந்து சேர்ந்தார். பெட்டியைக் கூடத்தில் வைத்துக் கயிற்றை அறுத்தார். ஜெஸி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். ஊறுகாய், மாவு, மறுபடி ஊறுகாய். அடியில் ஒரு துண்டு. துண்டுக்குள் இன்னொரு பாட்டில், டேப் பிரிக்காமல். உள்ளே கறுப்பு.

"இது எனக்க இஞ்சி லேகியமா இருக்கும்" என்றாள் ஜெஸி. "அம்மைக்கு விசா சரியாவல்ல. இதையாவது குடுத்துவிடுதேன்னு நாலு நாளா கிண்டியிருக்கு."

இன்பமணி மெல்லச் சோபாவில் உட்கார்ந்தார். "அப்போ நான் கொட்டினது எது?"

இரண்டு லேகியம். இரண்டும் கறுப்பு. அவர் ஒன்றுதான் இருக்கும் என்று முதலில் கைக்கு வந்ததைக் கொட்டியிருக்கிறார். ஸ்கேனர் வழியாக வந்திருப்பது எதுவென்று அவருக்குத் தெரியாது.

ஜெஸிக்கு விஷயத்தைச் சொன்னோம். அவள் டேப்பைப் பிரித்து மோந்து பார்த்தாள். "ரெண்டுலயும் சுக்குதானே. மணத்தை வச்சுச் சொல்ல முடியாது. பால் குடுக்கிறவ நான், நாக்குல வச்சுப் பாக்கவும் மாட்டேன்." பிறகு எல்லோரும் நினைத்ததையே சொன்னாள். "உங்களுக்குத் தெரியும்லா அண்ணாச்சி. நீங்க ரெண்டு மாசம் தின்னிருக்கீங்க."

பாட்டில் அம்மையப்பன் கைக்குப் போனது.

8.

இந்த இடத்தில்தான் எனக்கு அவர்மேல் சந்தேகம் வந்தது. கதாசிரியனுக்குப் பாத்திரத்தின்மேல் வரும் சந்தேகமா, ஒரே கூரையின் கீழ் இருப்பவனுக்கு வரும் சந்தேகமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அடையாளம் சொல்லக்கூடிய ஒரே ஆள், அது தேவைப்படும் ஒரே ஆளாகவும் இருந்தார். வீட்டில் அது இருந்து அகப்பட்டால் மூன்று பேரும் உள்ளே போவோம்.

அவர் மோந்து பார்த்தார். நாக்கில் வைக்கவில்லை. மூடியை ஒருமுறை மூடித் திறந்தார்.

"என்னுதுதான்" என்றார்.

"உறுதியா?" என்றார் இன்பமணி.

"நானே கொட்டிட்டு வாரேன்."

குளியலறைக்குப் போய்த் தாழ் போட்டார். தண்ணீர் சத்தம். ஃப்ளஷ் இரண்டு முறை. கால் மணி நேரம் கழித்துக் கழுவிய பாட்டிலோடு வந்து என்னிடம் நீட்டினார். "நல்ல மூடி அண்ணாச்சி. காப்பித்தூள் போட்டு வைங்க." ஜெஸியிடம், "உன் அம்மா கிண்டுனது ஓடையில போச்சுன்னு சொல்லிராத தாயி" என்றார். அவள் தலையாட்டினாள்.

9.

மூன்று முடிவுகள் எழுதினேன்.

முதலாவது. அது அவருடையதுதான், சொன்னபடி கொட்டிவிட்டார்.

இரண்டாவது. அது ஜெஸியுடையது. அவருக்கு அது தெரியும், அல்லது தெரியவில்லை. பச்சைக் குழந்தைக்குப் பால் கொடுப்பவளை வைத்துப் பரீட்சை பார்க்க விரும்பாமல் தன்னுடையது என்றார்.

மூன்றாவது. குளியலறைக்குள் போகும்போது கைலி மடிப்பில் வேறு ஒரு டப்பாவும் கூடப் போனது.

மூன்றையும் நம்ப முடிகிறது. மூன்றையும் தட்டச்சு செய்து அடித்தேன்.

10.

நேற்று கனடாவிலிருந்து அடுத்த கோப்பு வந்தது. தரைவிரிப்பில் கறை நீக்குவது பற்றி. இன்று அதைத் தொடங்கும் முன் காப்பி போடலாம் என்று சமையலறைக்குப் போனேன்.

எங்கள் அலமாரியில் ஆளுக்கொரு தட்டு. அம்மையப்பனின் தட்டில் பழைய பால்பவுடர் டின்கள் ஐந்து. ஒன்பது வருடமாக எதிலும் அவர் எழுதி நான் பார்த்ததில்லை. பின்வரிசையில், வெயில் படாத மூலையில் இருந்த டின்னில் வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. அதில் பால்பாயின்ட் பேனாவால் அம்மையப்பன் என்று எழுதி, கீழே அந்த ஞாயிற்றுக்கிழமையின் தேதி.

அப்படி ஒரு குழப்பம் நடந்த பிறகு எவரும் தன் டின்னில் பெயர் எழுதத்தான் செய்வார். உப்பாக இருக்கலாம். சர்க்கரையாக இருக்கலாம். அவர் இப்போது எப்படித் தூங்குகிறார் என்று கேட்பீர்கள். என் அறை வேறு.

டின்னைக் கீழே இறக்கி வைத்திருக்கிறேன். மூடி இறுக்கமாக இருக்கிறது. அவர் டூட்டி முடிந்து வர இன்னும் ஒரு மணி நேரம் உண்டு. நான் திறந்தால் இது செய்தி ஆகிவிடும். அந்த வேலையை விட்டுவிட்டேன். கரண்டிக் காம்பு இழுப்பறையில் இருக்கிறது. உங்களுக்குத் தோன்றினால் நெம்பிப் பாருங்கள். திறந்தாலும் திறக்காவிட்டாலும், இருந்த மூலையிலேயே, பெயர் வெளியே தெரியும்படி வைத்துவிடுங்கள்.