காந்தம் கண்டுபிடித்த தகரம்

அவள் வீட்டுக்காரருக்கு அந்தப் பழைய பிரிட்டிஷ் ஜீப்தான் உயிர். "பாடி முழுக்க அலுமினியம், எல்லாமே ஒரிஜினல்!" என்று வருகிறவர் போகிறவர் காதையெல்லாம் துளைத்துக்கொண்டிருப்பார். நானும் ஓட்டப் பழகுகிறேன் என்று அவள் சொன்னபோது மட்டும் முகம் சுருங்கிவிட்டது.

"எல் போர்டு இல்லாம வண்டியத் தொடக் கூடாது. ஸ்டிக்கர் ஒட்டினா பெயிண்ட் போயிடும்."

அவளா விடுவாள்? காந்தம் வைத்த எல் போர்டு ஒன்றை வாங்கிவந்தாள். பானெட்டில் வைத்தாள், வழுக்கி விழுந்தது. கதவிலும் அதே கதைதான்.

"அலுமினியத்துல எங்கடி காந்தம் ஒட்டும்?" என்று அவர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

வண்டியைச் சுற்றி வந்தவள், அவர் வாரா வாரம் மெழுகு போட்டுத் தேய்க்கும் இடது மட்கார்டில் வைத்தாள். டக்கென்று ஒட்டிக்கொண்டது.

சிரிப்பு அப்படியே நின்றது. போர்டைப் பிடுங்கி அவரே வைத்துப் பார்த்தார். மறுபடியும் டக். எவனோ ஒரு பழைய ஓனர் தகரத்தை மாட்டி, பெயிண்ட் அடித்துத் தலையில் கட்டியிருக்கிறான். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

அவள் கையை நீட்டினாள்.

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேங்க. சாவியக் குடுங்க."