பின் இருக்கை

அம்மா தோள்பக்கமும் மகள் கால்பக்கமுமாக நின்று, அப்பாவை ஒருக்களித்துப் புரட்டி, நனைந்த விரிப்பை உருவிக்கொண்டிருந்தபோது அவர் கண்ணைத் திறந்து, "வண்டி எங்க?" என்றார்.

சில நாட்களாகவே அவரிடமிருந்து பேச்சில்லை. தண்ணீரைக்கூடப் பஞ்சில் நனைத்துத்தான் உதட்டில் வைத்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவின் கை அப்படியே நின்றுவிட்டது.

"எந்த வண்டிப்பா?" என்றாள் மகள், தெரிந்துகொண்டே.

"நம்ம வண்டி."

"அத இல்லத்துக்குக் குடுத்தாச்சேப்பா."

"குடுத்தத திருப்பியா கேட்டேன்? வாசல்ல கொண்டாந்து ஒருதடவ நிறுத்தச் சொல்லு. சத்தம் கேட்டாப் போதும்."

அவ்வளவு பேசியதற்கே மூச்சிரைத்தது. "வாய் தொறந்ததும் பொண்டாட்டி எங்கன்னு கேக்கல பாரு, வண்டி எங்கங்கறார்" என்று அம்மா சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. விரிப்பைச் சுருட்டிக்கொண்டு குளியலறைக்குப் போனாள். உள்ளே குழாய் வெகுநேரம் கொட்டிக்கொண்டிருந்தது.

அப்பா காவல்துறையில் டிரைவர். யாரையும் அடித்ததில்லை, பிடித்ததில்லை. ஓட்டச் சொன்ன இடத்துக்கு ஓட்டினார், நிறுத்தச் சொன்ன இடத்தில் நிறுத்தினார். நிலையத்தில் அவருக்கு 'கியர்' என்று பெயர். கடைசியாக ஓட்டிய கார் அவரை முந்திக்கொண்டு ஓய்வுபெற்றது. அது ஏலத்துக்கு வந்தபோது வேறு ஆள் கைக்குப் போகவிட மனமில்லாமல் அவரே எடுத்துக்கொண்டார். சைரனையும் தலைமேலிருந்த விளக்கையும் கழற்றிக்கொண்டுதான் கொடுத்தார்கள். இருந்தாலும் தெருவில் யாரும் அதில் ஏற ஆசைப்படவில்லை. "உங்க வண்டில போயி இறங்கினா, என்னய்யா பண்ணித் தொலைச்சேன்னு என் மாமனாரே கேப்பார்" என்பார் பக்கத்து வீட்டுத் தையல்காரர். அப்பாவும் சேர்ந்து சிரிப்பார்.

கிளட்சை மிதிக்கக் காலில் வலுவில்லாமல் போனதும் மகளின் தம்பி ஒரு பழைய வண்டி வியாபாரியைக் கூட்டிவந்தான். அப்பா அவரை டீ கொடுத்து அனுப்பிவிட்டார். தெருவோரம் கிடப்பவர்களைக் கொண்டுபோய் வைத்துப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்று ஊரின் மறுகோடியில் இருந்தது. நோயாளிகளை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போக அங்கே வண்டி இல்லையென்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள்.

"வித்தா காசு வரும், போயிடும். குடுத்தா எங்கேயாவது ஓடிட்டிருக்கும்" என்றார்.

கொடுப்பதற்கு முன் ஒரு வேலை பாக்கியிருந்தது. போலீஸ் வண்டியின் பின்கதவுகளுக்கு உள்பக்கம் கைப்பிடி கிடையாது. உள்ளே ஏற்றப்பட்டவர், வெளியிலிருந்து யாராவது திறந்துவிட்டால்தான் இறங்க முடியும். அப்பா பழைய சாமான் கடைகளில் அலைந்து கைப்பிடிகள் வாங்கிவந்தார். வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, இருமலுக்கு நடுவே அவற்றை மாட்டினார். முடித்ததும் பின் இருக்கையில் ஏறி, கதவைச் சாத்தி, கொஞ்சநேரம் சும்மா இருந்துவிட்டு, தானே திறந்து இறங்கினார். அவர் பின் இருக்கையில் உட்கார்ந்ததை மகள் பார்த்தது அன்றுதான்.

இப்போது அவள், தான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு பஸ் பிடித்தாள்.

இல்லத்தின் முற்றத்தில் பிளாஸ்டிக் விரிப்புகள் காய்ந்துகொண்டிருந்தன. பொறுப்பாளரான பெண், முன்பு நர்ஸாக இருந்தவர், ஒரு கிழவியின் நகங்களை வெட்டிக்கொண்டிருந்தார். வந்த விஷயத்தைச் சொன்னதும் நகவெட்டியை மடக்கினார்.

"வாங்கம்மா, காட்டறேன்."

சமையற்கட்டுக்குப் பின்னால் கார் செங்கற்களின் மேல் நின்றது. சக்கரங்கள் இல்லை. வெள்ளைப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். வெயில் சாய்வாகப் பட்ட இடத்தில் பழைய எழுத்துகள் புடைத்துத் தெரிந்தன. பின் இருக்கையில் வெங்காய மூட்டைகள்.

"ஓடலையா?"

"நல்லாத்தான் ஓடுச்சு. யாரும் ஏறலம்மா." அவர் காரைப் பார்க்காமல் சொன்னார். "வந்த புதுசுல ஒருத்தருக்கு நெஞ்சுவலி. வண்டிய கொண்டாந்து நிறுத்தினா, 'நான் ஒண்ணும் பண்ணலய்யா, சும்மாதான் படுத்திருந்தேன்'னு தரையில உக்காந்துட்டார். தூக்கப் போனோம். துணியெல்லாம் நனைச்சுட்டார்."

"கைப்பிடி..."

"அதையும் காட்டினேன். நானே உள்ள உக்காந்து தொறந்து தொறந்து காட்டினேன். இங்க இருக்கறவங்க எங்கேயிருந்து வந்தவங்க சொல்லுங்க? பிளாட்பாரத்துலயும் பஸ் ஸ்டாண்டுலயும் கிடந்தவங்க. பெரிய மனுஷங்க யாராவது ஊருக்கு வந்தா இவங்கள அள்ளிட்டுப் போயி எங்கேயோ கொட்டிட்டு வர்ற வண்டி இது. வெள்ளை அடிச்சா மறந்துடுமா?"

"அவர அப்புறம் ஆஸ்பத்திரிக்கு..."

"ஆட்டோல கொண்டு போனோம். ஆட்டோ கிடைக்கறதுக்குள்ள நேரமாயிடுச்சு."

பொறுப்பாளர் சரிந்திருந்த ஒரு வெங்காய மூட்டையை நிமிர்த்தி வைத்தார்.

"டயரக் கழட்டி தண்ணி வண்டிக்குப் போட்டுக்கிட்டோம். மிச்சத்த எடைக்குப் போடலாம்னு... அப்பாகிட்ட சொல்லிடாதீங்க. எவ்வளவு ஆசையா கொண்டாந்து விட்டார்!"

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. என்ன சொல்வதென்று யோசிக்க வழியெல்லாம் நேரமிருந்தும், வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்வரை எதுவும் அகப்படவில்லை.

அப்பா விழித்துக் கிடந்தார். அவள் காலடி கேட்டதும் தலை கொஞ்சம் அசைந்தது.

"கொண்டாந்தியா?"

"வண்டி அங்க இல்லப்பா. காலையிலேயே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கு. ஓய்வே இல்லையாம்."

அம்மா அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"யார ஏத்திட்டுப் போச்சு?"

"ஒரு பாட்டி. கண் ஆபரேஷனாம்."

"பின்னாடிதான உக்காந்தாங்க?"

"ஆமாப்பா."

"அழுதாங்களா?"

"இல்ல."

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். விலா எலும்புகள் ஏறி இறங்கின. "யாராவது சிரிச்சாங்களா?" என்று கேட்டார்.

"சிரிச்சாங்கப்பா" என்றாள்.

அவர் அவளை வெகுநேரம் பார்த்தார். நம்பினாரா என்று அந்தப் பார்வையிலிருந்து தெரிந்துகொள்ள முடியவில்லை. பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். வெயில் தாழும்போது அம்மா பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தாள். தண்ணீர் உள்ளே போகாமல் கன்னத்தில் வழிந்தது. அம்மா அதைத் துடைத்தாள். மறுபடி நனைத்து வைத்தாள். அது வழிந்தபோதும் துடைத்தாள். மகள்தான் கையைப் பிடித்து நிறுத்தவேண்டியிருந்தது.

மறுநாள் காலை வாசலில் வாடகை நாற்காலிகள் போட்டிருந்தன. நிலையத்திலிருந்து வந்த இரண்டு பழைய ஆட்கள், கியர் ஒருதடவைகூட வண்டியை இடித்ததில்லை என்று திரும்பத்திரும்பச் சொன்னார்கள். தம்பி சவ ஊர்திக்காரரோடு போனில் பேசிக்கொண்டிருந்தான். அப்போது இல்லத்துப் பொறுப்பாளர் வந்தார். பின்னால் ஒரு பெரியவர். தொளதொளவென்று யாருடைய சட்டையோ.

"வண்டி குடுத்தவர் போயிட்டார்னு சொன்னேன். நானும் வர்றேன்னு கிளம்பிட்டார்" என்றார் பொறுப்பாளர்.

பெரியவர் கும்பிடவில்லை. உடலருகே வந்து நின்று முகத்தையே பார்த்தார். மகள் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

"உங்களுக்கு அப்பாவத் தெரியுங்களா?"

"வண்டியத் தெரியும்."

"அவர்தான் ஓட்டுவார்."

"இருக்கும். முகத்தப் பாத்ததில்லம்மா. எத்தனையோ தடவ ஏத்தியிருக்காங்க. பின்னாடி உக்காந்தா டிரைவரோட பின்மண்டைதான தெரியும்? ஒருதடவயாவது திரும்புவாரான்னு பாப்பேன்." தண்ணீரை வாங்கி ஒரு வாய் குடித்தார். "திரும்பினதில்ல."

கோபமாகச் சொன்னதாகத் தெரியவில்லை. அவளுக்கு ஏதாவது சொல்லவேண்டும்போல் இருந்தது. கைப்பிடிகளைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் ஊர்தி வந்துவிட்டது. தம்பியும் தையல்காரரும் நிலையத்து ஆட்களும் குனிந்து தூக்கினார்கள். பெரியவர் சுவரோடு ஒட்டிக்கொண்டு வழிவிட்டார். அம்மா வாசற்படிவரை வந்து, அதற்குமேல் நடக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டாள்.

ஊர்தி தெருமுனையில் திரும்பிய பிறகு, பொறுப்பாளர் தான் அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டுமென்றார். நிலையத்து ஆள் ஒருவர் தன் காரோடு இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

"இவங்க கார்ல உங்கள இல்லத்துல விடச் சொல்றேங்க" என்றாள் மகள் பெரியவரிடம்.

"வேணாம்மா. நடந்துக்கறேன்."

"ரொம்ப தூரங்க."

"நடந்துக்கறேன்."

காலி டம்ளரை நாற்காலியில் கவிழ்த்து வைத்துவிட்டு அவர் கிளம்பினார். தெருவின் கடைசியில் பெரிய சாலை. அங்கே போய் ஓரத்தில் நின்றார். அந்த நேரத்துக்கு இரண்டு பக்கமும் வண்டி எதுவும் இல்லை. இருந்தாலும் அவர், எந்த வண்டியாவது வந்து அள்ளிக்கொண்டு போய்விடுமோ என்பதுபோல் இடதும் வலதும் பார்த்தபடி, குறுக்கே காலெடுத்து வைக்காமல், நின்றுகொண்டே இருந்தார்.